ஆடித்தட்டில் திரும்பி வந்த வாட்ச்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முதலில் எழும் வாசனை பற்பசையுடையது. பல் தேய்ப்பதற்காக அல்ல. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய பனியன் துணியில் துளி பற்பசையைத் தடவி, தன்னுடைய நீல முகப்பு வாட்ச்சின் கண்ணாடியை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தப் புதினா வாடையோடு துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் டீசல் புகையும், பக்கத்து வீட்டு வாசலில் காய்கிற வலையின் உப்பு வாடையும் சேர்ந்து வரும். தேய்த்து முடித்ததும் வாட்ச்சை என் காதோடு ஒட்டிவைத்து, "கேளு பாப்பா, உள்ள ஒரு ஆளு குந்திகினு வேல செய்றான்" என்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஆளின் சத்தத்தைக் கேட்பேன்.

ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது எங்கள் வீடு. நைனா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலின் அடிவயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்களின், ஜப்பான்காரர்களின் மணிக்கட்டுகளைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு வாட்ச் பைத்தியம் பிடித்தது என்று அம்மா சொல்வாள். பீச் ஸ்டேஷன் எதிரே இருந்த ஃபாரின் சாமான் கடைகளில் மாதக்கணக்காக நடையாய் நடந்து, கடைக்காரனே சலித்துப் போகும் வரை பேரம் பேசி அவர் வாங்கியதுதான் அந்த ஜப்பான் ஆட்டோமேட்டிக். கிழமையும் தேதியும் காட்டும். சாவி கொடுக்க வேண்டாம். கை ஆடுகிற ஆட்டத்திலேயே தனக்கு வேண்டிய விசையை ஏற்றிக்கொள்ளும். வேலைக்குப் போகும்போது அதைக் கட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் மட்டும்தான் அது வெளியே வரும். தெருவில் அவருக்கு "வாட்ச்சு நைனா" என்றே பெயர்.

அந்தச் சமயத்தில்தான் எல்லார் கையிலும் பேட்டரி போட்ட வாட்ச்சுகள் ஏறத் தொடங்கியிருந்தன. குவார்ட்ஸ் என்ற சொல் முகப்பில் எழுதியிருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைப் படிக்கவில்லை, "செல் வாட்ச்" என்பதோடு சரி. நைனாவுக்கு அவற்றைக் கண்டாலே இளக்காரம். யாராவது புது செல் வாட்ச்சைக் காட்ட வந்தால், கையில் வாங்கி, காதில் வைத்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுப்பார். "செல்லுல ஓட்றது பொம்ம. பொம்மையக் கட்டிகினு மணி பாக்க முடியுமா?" என்பார். அதைக் கேட்டுச் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். வாட்ச் கொண்டுவந்தவர் மட்டும் சிரிக்காமல் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு போவார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது சாந்தி அக்காவுக்குத் திருமணம் கூடியது. மாப்பிள்ளை குமரேசன் திருவொற்றியூர். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டை ஒட்டி இருந்த ஒரு பழைய இரும்பு யார்டில் வேலை. அதிகம் பேசமாட்டார், பேசினாலும் வாய்க்குள்ளேயே பேசுவார். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா வளர்ப்பு. நிச்சயதார்த்தத்தன்று அவர் கையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் இருந்தது. நைனா அதைப் பார்த்துவிட்டார். சபையில் எல்லார் காதிலும் விழும்படி, "இன்னா மாப்ள, ஸ்கூல் பசங்க கட்ற வாட்ச்ச கட்டிகினு வந்துகீறீங்க?" என்று கேட்டார். குமரேசன் மாமா சிரித்து, "நமக்கு இது போதும் மாமா, மணி கரீட்டா காட்டுது" என்றார். நைனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது வழக்கம். புதிதாகத் தங்க நிறத்தில் வருகிற செல் வாட்ச் ஒன்றை வாங்கிவிடலாம் என்றாள் அம்மா. அக்காவும் தயங்கித் தயங்கி அதையே சொன்னாள். நைனா இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு மாலையில் பீரோவைத் திறந்து அந்த நீல முகப்பு வாட்ச்சை எடுத்தார். புதுச் செயின் போட்டு, கண்ணாடியை மறுபடி தேய்த்து, வெல்வெட் பெட்டி ஒன்று தேடி வாங்கி அதற்குள் வைத்தார். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். "உன் உசுராச்சேய்யா அது" என்றாள். "அதான் குடுக்கறேன்" என்றார் நைனா.

திருமண மண்டபத்தில் தன் கையாலேயே மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "சாவியும் வோணாம், செல்லும் வோணாம். மனுசன் கைய ஆட்டினா போதும், அதும்பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது வெறும் மணிக்கட்டை இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஆடி பிறப்பதற்கு முன்பு, அக்காவை வீட்டுக்கு அழைத்து வருவதற்காக நைனா, அம்மா, நான் மூவரும் சீர்த்தட்டுகளோடு பஸ் ஏறித் திருவொற்றியூர் போனோம். பழம், வெற்றிலை பாக்கு, புடவை, வேட்டி எல்லாம் வைத்த பித்தளைத் தட்டு என் மடியில் இருந்தது. மாமாவின் வீட்டில் அன்று அவருடைய பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களும் வந்திருந்தன. கூடத்தில் இடமில்லாமல் சிலர் வாசலில் நின்றார்கள். அக்கா எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் நைனாவின் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டியதை நான் கவனித்தேன், காரணம் புரியவில்லை.

சீர் கொடுத்து முடிந்து, திரும்பத் தாம்பூலம் வாங்கும்போதுதான் அது நடந்தது. மாமாவின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த அத்தை உள்ளே போய், அதே வெல்வெட் பெட்டியை எடுத்துவந்து, வெற்றிலைக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தாள்.

"தப்பா நென்ச்சிக்காதீங்க சம்மந்தி. இது எங்களுக்கு வோணாம்" என்றாள்.

நைனாவுக்கு விளங்கவில்லை. "இன்னாம்மா ஆச்சி?" என்றார்.

"இன்னா ஆச்சா? கட்ன ஒரு வாரம் நல்லா ஓடிச்சி. அப்பால கிறுக்குப் புடிச்சாப்ல ஓடுது. காலைல கரீட்டா வெச்சா சாயந்தரத்துக்குள்ள அர மணி முந்திகினு போவுது. இத்த நம்பி எம்புள்ள வேல முடியறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்து, அந்த சூப்பருவேசர் எல்லார் எதிர்லயும் கண்டபடி பேசிட்டான். ரிப்பேர் கடைல காட்னா, இது பழைய மிசினு, எத்தினியோ தபா கயட்டி மாட்னதுன்றான். புது மாப்ளைக்குப் பழசக் கட்டி வுட்டீங்களே, இது நாயமா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் "பழசா?" என்று இன்னொருத்தியிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நைனா வாயைத் திறந்தார். அது நான் கட்டி அனுபவித்த வாட்ச், என்னிடம் இருந்ததிலேயே நல்ல வாட்ச் என்று சொல்ல நினைத்திருப்பார். ஆனால் அதைச் சொன்னால் பழசு என்பதை ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்? அவர் மூடிக்கொண்டார். குமரேசன் மாமா சுவரோரம் நின்று தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வுடும்மா" என்று ஒருமுறை சொன்னார். அது யாருக்கும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மட்டும் சீட் கிடைத்தது. தட்டு என் மடியில்; தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், வெல்வெட் பெட்டி. நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். அக்கா அம்மாவின் தோளில் முகத்தை வைத்திருந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், "சீரு கொண்டுகினு போறீங்களா, வாங்கிகினு வர்றீங்களா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள். பெட்டியை வெற்றிலைக்கு அடியில் தள்ளி மறைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வீடுவரை வந்தேன். அவமானம் என்ற சொல் பாடப்புத்தகத்தில் எனக்கு முன்பே தெரியும். அதற்கு ஓர் எடையும் உண்டு என்று அந்த பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா பற்பசையை எடுக்கவில்லை. என்னை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். தான் பொம்மை என்று சொல்லிச் சிரித்த அதே ரகத்தில், கறுப்புப் பட்டை போட்ட டிஜிட்டல் வாட்ச் ஒன்றைக் கேட்டு வாங்கினார். காதில் வைத்துப் பார்க்கவில்லை. "கேரண்டி கீதா?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் நைனாவை அறிந்தவர். "யாருக்கு நைனா, ஸ்கூல் பையனுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாமாவின் வீட்டுக்குப் போக நைனாவுக்குக் கால் வரவில்லை. அதனால் நேரே யார்டுக்குப் போனோம். மாமாவுக்கு அன்றும் வேலை இருந்தது. உடைந்த கார் பாகங்கள், கம்பிச் சுருள்கள், துருப்பிடித்த தகடுகள் எல்லாம் மலைபோல் குவிந்திருந்த அந்த இடத்தில், ஒரு கிரேனின் கையிலிருந்து பெரிய தோசைக்கல் மாதிரி வட்டமான இரும்புத் தட்டு ஒன்று தொங்கியது. அது குவியலின் மேல் இறங்கியதும் இரும்புத் துண்டுகள் தாமாகவே எழும்பி அதில் போய் ஒட்டிக்கொண்டன. கிரேன் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் லாரியின் மேல் உதறிவிடும். ஒட்டிக்கொண்டு விழ மறுக்கிற சில்லறைத் துண்டுகளைத் தட்டின் அடியில் நின்று கையால் பிடுங்கிப் போடுவதுதான் மாமாவின் வேலை. நைனா கேட் அருகே நின்று நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்த்தேன். பள்ளியில் அந்த வருஷம்தான் காந்தப் பாடம் நடத்தியிருந்தார்கள். இருந்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மாமா எங்களைக் கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். நைனா வாட்ச்சை நீட்டினார். "புதுசு மாப்ள" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்பதை என்னால் எழுத முடியாது. மாமா இரண்டு கையாலும் வாங்கி அங்கேயே கட்டிக்கொண்டார்.

அதன்பிறகு நைனா வாட்ச் கட்டவில்லை. நீல முகப்பு வாட்ச், பெட்டியோடு பீரோவின் அடித்தட்டில் பழைய துணிகளுக்குக் கீழே போயிற்று. தெருவில் எல்லாருக்கும் மணி சொன்னவர், பள்ளிக்கூடப் பையன்களை நிறுத்தி "மணி இன்னா நைனா?" என்று கேட்கிறவர் ஆனார். அவர்கள் நீட்டிக் காட்டியதெல்லாம் செல் வாட்ச்சுகள்.

நான் படித்து, எண்ணூர் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் முதலில் வாங்கிய ஆடம்பரப் பொருள் ஒரு சாவி கொடுக்கும் வாட்ச். பிறகு இன்னொன்று, பிறகு ஓர் ஆட்டோமேட்டிக். குவார்ட்ஸ் என்றால் எனக்கு வெறுப்பு. ரசனை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் நைனாவின் தலையைக் குனியவைத்த ஜாதி அது என்பதைத் தவிர அந்த வெறுப்புக்கு வேறு காரணம் இல்லை என்று இப்போது தெரிகிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடையில் வாட்ச் பிரியர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். எனக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. டாக்டர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், ஒரு வக்கீல். செல் வாட்ச்சுகளை அவர்கள் கேலி செய்யும்போது நான்தான் முதலில் சிரிப்பேன்.

அந்தக் கூட்டத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. என் வாட்ச் ஒன்று திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் இருந்த டாக்டர் அதை வாங்கி ஒரு சின்ன திசைகாட்டிக்கு அருகில் கொண்டுபோனார். முள் நடுங்கித் திரும்பியது. "காந்தம் ஏறியிருக்கு" என்றார். வாட்ச்சுக்குள் தலைமுடி போல ஒரு சுருள்கம்பி உண்டு. காந்தம் பட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் வேகம் எகிறும். என் கைப்பையில் காந்தப் பித்தான் இருந்தது. தினமும் வாட்ச்சைக் கழற்றி அதன்மேல் வைத்திருக்கிறேன். டாக்டர் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றின் மேல் வாட்ச்சை வைத்து, பொத்தானை அழுத்தி, மெல்ல உயர்த்தினார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. எல்லாரும் வேறு பேச்சுக்குப் போனார்கள். நான் மட்டும் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்குள் சாத்தாங்காட்டு யார்டும், அந்த வட்டத் தட்டும், அதன் கீழே நீண்ட மாமாவின் இடது கையும் நின்றன.

அன்று மாலையே பீரோவின் அடித்தட்டிலிருந்து பெட்டியை எடுத்தேன். வாட்ச்சை இரண்டு ஆட்டு ஆட்டினேன், ஓடியது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போய் திசைகாட்டியருகே பிடித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முள் பதறித் திரும்பியது. கருவியில் வைத்துக் காந்தத்தை இறக்கினேன். எண்ணெய் காய்ந்திருந்தாலும், நடை நிதானத்துக்கு வந்துவிட்டது. நைனாவின் வாட்ச்சில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இதை அவரிடம் சும்மா சொல்லிவிடக் கூடாது, நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நான் பார்த்த நல்ல நேரம், அக்கா மகளின் நிச்சயதார்த்தம். மாமாவின் வீட்டில், அன்றைக்குப் போலவே கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளைக்கு என்னென்ன போடலாம் என்று பேச்சு வந்தது. வயதாகி, பல்லெல்லாம் போய், கட்டிலில் சாய்ந்திருந்த அத்தை பொக்கைவாய் விரியச் சிரித்து, "வாட்ச்சு மட்டும் தாத்தாவ வாங்கச் சொல்லாதீங்கோ, பழச எட்தாந்துருவாரு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து வாட்ச்சை எடுத்தேன். புது சம்பந்திகள், உறவுக்காரர்கள் எல்லார் நடுவிலும் நின்று, காந்தம் என்றால் என்ன, சுருள்கம்பி என்றால் என்ன, அந்த யார்டில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் விளக்கினேன். "எங்க நைனா குடுத்தது நல்ல வாட்ச். இத்தன வருஷமா அவர நீங்க தப்பா சொல்லிட்டீங்க" என்று முடித்தேன். நைனா நிமிர்வார் என்று அவரைப் பார்த்தேன்.

நிமிரவில்லை. முதலில் பேசியது மாமா. தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்திருந்த அந்த மனிதர் நைனாவின் முன்னால் வந்து நின்று, "அப்ப நான்தான் கெட்த்துட்டு ஒங்க மேல பழி போட்டனா மாமா?" என்று கேட்டார். அவர் மகளின் வருங்கால மாமனார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றுபோய், வாய் மட்டும் திறந்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குள் கொண்டுபோய், "இன்னாத்துக்குடி இப்ப இது? எந்த எடத்துல வந்து இன்னா பேசுற?" என்றாள். அவள் கண்ணில் இருந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வெளியே நைனாவின் குரல் கேட்டது. "நீங்க இன்னா மாப்ள பண்ணீங்க? எனக்குப் புட்ச்சத ஒங்க தலைல கட்னது நானு. ஒங்களுக்கு இன்னா வேலன்னு நான் கேக்கவே இல்லியே. கொயந்த ஏதோ படிச்சிட்டு சொல்து, வுடுங்க."

வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நைனா என்னிடம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. வெளியே பார்த்தபடியே, "அன்னிக்கு யார்டுல அந்தத் தட்ட பாத்தப்பவே எனக்கு டவுட்டு பாப்பா. காந்தம்தான்னு பட்டுச்சி" என்றார்.

"அப்ப ஏன் நைனா சொல்லல?"

"சொல்லி? அந்தம்மா வாய அடைக்கலாம். சாந்தி அந்த வூட்லதான பொழைக்கணும்?" சின்னப் பிள்ளை மாதிரி வெட்கத்தோடு இன்னொன்றும் சொன்னார். "மாப்ள கட்டிகினுகீற அந்தச் செல் வாட்ச்ச, அங்க போம்போதெல்லாம் டிவி நூஸ்ல போட்ற மணியோட ஒத்துப் பாப்பேன். ஒரு தபா கூட தப்பினது இல்ல. சோக்கான வாட்ச்சு. அவ்ளோ பேசிட்டு, இத்த எப்டி வெளிய சொல்றது?"

அக்காவிடமும் மாமாவிடமும் மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான் மாமாவின் அந்தச் செல் வாட்ச்சை நான் முதல்முறையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். எத்தனையோ ஆண்டுகளாக அவர் மணிக்கட்டில் என் கண்ணெதிரே இருந்தது, நான் பார்க்கவில்லை. கண்ணாடி முழுக்கக் கீறல். ஒரு பொத்தான் விழுந்து அந்த ஓட்டையில் எம்-சீல் அடைத்திருந்தது. பட்டை எத்தனையாவது பட்டையோ. எந்தக் காந்தத்தின் கீழே நைனாவின் வாட்ச் புத்தி கலங்கியதோ, அதே காந்தத்தின் கீழே வெயிலும் துருத்தூளும் குடித்துக்கொண்டு இது மாமாவின் வேலைக்காலம் முழுவதும் ஓடியிருக்கிறது. பேட்டரி மாற்றுவதற்காக மூடியைத் திறந்தேன். அரிசியைவிடச் சற்றே நீளமான ஒரு வெள்ளிக்குழல்; அதற்குள்தான் அந்தக் குவார்ட்ஸ் கல் இருக்கிறது. மின்சாரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும், துடிப்பைத் தவறவிடாது. வாட்ச் பிரியர் கூட்டத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தவள், அந்தக் குழலைப் பார்த்ததே அன்றுதான். மாமா பக்கத்தில் நின்று, "நல்லா கீதா பாப்பா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

நைனாவுக்கு ஒரு நல்ல குவார்ட்ஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அதிலும் என் புத்தி மாறவில்லை. எது துல்லியமானது, எந்த நாட்டில் செய்தது, எதன் முள் நொடிக்கோட்டில் சரியாக விழும் என்று இன்டர்நெட்டில் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒருநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து பிளாட்பாரக் கடையில் வாங்கிய ஒரு டிஜிட்டல் வாட்ச்சை எடுத்தார். எழுத்துகள் கட்டைவிரல் அகலம் இருந்தன. "ஒங்களுக்குக் கண்ணு மங்கலா கீதுன்னு சாந்தி சொல்லிச்சி. இதுன்னா இருட்லயும் தெரியும் மாமா" என்று சொல்லி அவரே கட்டிவிட்டார். நைனா விளக்குப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். நான் மடிக்கணினியை மெதுவாக மூடினேன். அவர் கண்ணைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. நான் தேடி வைத்திருந்த வாட்ச்சுகள் எல்லாமே மெல்லிய முள் வைத்தவை.

அந்த வாட்ச்சை நைனா கடைசிவரை கழற்றவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு மாமா அதை என்னிடம் கொடுத்தார்.

சாத்தாங்காட்டில் அந்த யார்டு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கிற கடைகளில் செல்போன் கவர் விற்கிறார்கள். அத்தையும் போய்விட்டாள். தெருவில் யாரையும் நிறுத்தி யாரும் மணி கேட்பதில்லை. எல்லாரும் போனைப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் சந்தில் "வாட்ச்சு நைனா" என்று சொன்னால் யாரென்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம்.

போன மாதக் கூட்டத்துக்கு நைனாவின் அந்த டிஜிட்டல் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போனேன். தைரியமாகத்தான் போனேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் வரிசையாக விரித்திருந்த வாட்ச்சுகளைப் பார்த்ததும், என் இடது கை நான் சொல்லாமலேயே மேசைக்கு அடியில் போய்விட்டது. இத்தனை நடந்த பிறகும் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஏதோ ஒரு சுவிஸ் வாட்ச்சைப் பற்றி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சரியாக மணி பதினொன்று ஆனது. மேசைக்கு அடியிலிருந்து "பீப், பீப்" என்று சத்தம் கிளம்பியது. மணிக்கு ஒருமுறை கத்துகிற அந்தச் சத்தத்தை நிறுத்த நைனாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நிறுத்த மனம் வந்ததில்லை.

பேச்சு நின்றது. எல்லாரும் குனிந்தும் திரும்பியும் பார்த்தார்கள். "யாரோடது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் டாக்டர்.

முகம் சூடேற, கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எங்க நைனாவோடது" என்றேன்.